சிவப்புத் தோம்பு எங்கே மாட்டியிருக்கிறது?

தீபாவளிக்குத் துணி எடுக்கப் பட்டர்வொர்த்தில் பெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் போகாத குடும்பம் செபராங் பிறைத் தோட்டங்களில் அதிகம் இருக்காது. பினாங்கு ஸ்திரீட்டும், நம் முன்னோர்கள் 'கடைத்தெரு' என்றே அழைத்து வந்த மார்க்கெட் ஸ்திரீட்டும் அந்த நாள்களில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சடியில் கால் வைக்க இடமிருக்காது. கடைக்குள்ளே கூரை வரை சேலை, வேட்டி, பாவாடைத் துணி. மாடிப்படியின் பாதி அகலத்தை அட்டைப்பெட்டிகள் பிடித்துக் கொண்டிருக்கும்.

அடுத்த முறை போகும்போது, சேலை விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நின்ற இடத்திலிருந்தே நாலு பக்கமும் பார்த்து, தீயணைப்புக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடுங்கள். ஏட்டில் எழுதும் போதுதான் அது தீயணைப்புக் கருவி. பேச்சில் சிவப்புத் தோம்பு என்றே வைத்துக் கொள்வோம். சில கடைகளில் உடனே கண்ணில் படும். சில கடைகளில் விற்பனைக்காரத் தம்பியைக் கேட்டால், "இருக்குங்க அக்கா, அந்த மூட்டைக்குப் பின்னால" என்பார். தீப்பிடித்த நேரத்தில் மூட்டையை நகர்த்திக் கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கும்?

வீட்டுக்குத் திரும்பியதும் அதே கேள்வியை உங்கள் சமையலறையில் நின்று கேட்டுப் பாருங்கள். "எங்களிடம் அப்படி ஒன்றே இல்லையே" என்பவர்களுக்காகவும், "வாங்கி வைத்திருக்கிறோம், எங்கே என்றுதான் நினைவில்லை" என்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நீளமான வீடும் முதல் இரண்டு நிமிடமும்

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டவை. வெளிநாட்டார் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் தீயின் கண்ணால் பார்த்தால் அந்தக் கட்டடங்களின் அமைப்பே வேறு கதை சொல்லும். முகப்பு 20 அடி அகலம் இருந்தாலே அதிகம். உள்ளே போகப் போக 100 அடி நீளம் போகும் வீடுகளும் உண்டு. முன்னால் கடை, நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறந்த முற்றம், பின்னால் சமையல்கட்டு, மேலே பலகைத் தரை போட்ட மாடி, மேலும் கீழும் போக ஒரே மரப்படி. பின்கட்டில் பற்றிய தீயின் புகை முற்றத்தையும் மாடிப்படியையும் புகைபோக்கியாக்கிக் கொண்டு மேலே ஏறும். மாடியில் தூங்குகிறவருக்கு அந்தப் படிதான் வழி. புகைக்கும் அதுதான் வழி.

இந்த ஊர் தீயை அறியாத ஊரும் அல்ல. அத்தாப்பும் பலகையுமாக இருந்த தொடக்க காலத்து ஜார்ஜ் டவுன் பல முறை எரிந்திருக்கிறது. 1812-ஆம் ஆண்டின் பெருந்தீ அவற்றுள் ஒன்று. அதற்குப் பிறகுதான் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் ஊர் வழக்கமாயின. செங்கல் எரியாதுதான், ஆனால் அதற்குள் இருக்கும் உத்திரமும் பலகையும் கைமரமும் நூறாண்டு காய்ந்த விறகு அல்லவா?

பீச் ஸ்திரீட்டும் சூலியா ஸ்திரீட் காட்டும் சந்திக்கும் மூலையில், மேலே சிறு குவிமாடம் வைத்த கோபுரத்தோடு நிற்கும் தீயணைப்பு நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1908-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்த கட்டடம். நூறாண்டு தாண்டியும் தீயணைப்பு வண்டிகள் அங்கிருந்தே புறப்படுகின்றன. கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். இவ்வளவு அருகில் பொம்பா இருக்கும்போது சிவப்புத் தோம்பு எதற்கு என்று கேட்கலாம். இன்றைய வீடுகளில் நுரைமெத்தையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த ஓர் அறையில், சின்னதாகத் தொடங்கும் தீ மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதையும் ஒரே நேரத்தில் பற்ற வைத்துவிடக்கூடும். வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் முதல் இரண்டு நிமிடம் அங்கே இருப்பவர் நீங்கள்தான். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடுதல் உண்மை. செம்மண் ரோட்டில், எண்ணெய்ப் பனைக்கு நடுவில் லயத்தைத் தேடி வண்டி வந்து சேர்வதற்குள் பாதி வரிசை போய்விடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிவப்புத் தோம்பு தொடக்கத் தீக்கு மட்டுமே உரியது. குப்பைக் கூடை, ஒரு நாற்காலி, ஓர் அடுப்பு, ஒரு சாமி மேடைத் திரை, இவ்வளவுதான் அதன் அளவு. வீடு எரியும்போது அதைத் தூக்கிக் கொண்டு உள்ளே ஓடுவது வீரம் ஆகாது.

எந்தத் தோம்பு?

தோட்டத்து ஆலையில் வேலை செய்த பெரியவர்களுக்குச் சிவப்பு வாளிகள் நினைவிருக்கும். வரிசையாக ஆணியில் தொங்கும், உள்ளே மணல். வெற்றிலைச் சாற்றைத் துப்பவும் சுருட்டுத் துண்டை அணைக்கவும்தான் அது பெரும்பாலும் பயன்பட்டது என்பது வேறு விஷயம்! அந்த மணல் வாளியின் இடத்தைத்தான் இன்று தோம்புகள் பிடித்திருக்கின்றன. ஆனால் மணலைப் போல எல்லாத் தோம்பும் ஒன்றல்ல.

எரியும் பொருளைப் பொறுத்துத் தீயை எழுத்துகளால் வகை பிரித்திருக்கிறார்கள். மரம், துணி, காகிதம் 'ஏ' வகை. பெட்ரோல், டீசல், சாயம் 'பி' வகை. சமையல் எரிவாயு போன்றவை 'சி' வகை. சமையல் எண்ணெய்க்கென்று தனி வகையே உண்டு. தோம்பின் மேல் இந்த எழுத்துகள் அச்சிட்டிருக்கும். வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதை விட எழுத்தைப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் முன்பு ஆங்கிலேயர் வழக்கப்படி தூள் தோம்பு நீலம், நுரைத் தோம்பு வெண்மஞ்சள், கரிவாயுத் தோம்பு கறுப்பு என்று உடம்பு முழுக்க நிறம் பூசினார்கள். பிறகு சிவப்பு உடம்பே பொதுவாகிவிட்டது. ஆகவே சிவப்பு என்றவுடன் தண்ணீர் என்றோ தூள் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள்.

வீட்டுக்கு என்று ஒன்றே ஒன்று வாங்குவதானால் 'ஏபிசி' என்று எழுதிய உலர்தூள் தோம்பு போதும். துணி, எண்ணெய்ச் சாயம், கேஸ், மின்சாரச் சாமான் என நம் வீட்டில் நடக்கும் தொடக்கத் தீயில் பெரும்பாலானவற்றை அது பிடிக்கும். குறை என்னவென்றால், அடித்த பிறகு வீடு முழுக்க மாவு கொட்டியது போல இருக்கும்; கண்ணெரியும், மூச்சுத் திணறும். பெருக்கித் துடைத்துக் கொள்ளலாம், போனால் போகிறது. கம்ப்யூட்டரும் கல்லாப் பெட்டியும் வைத்த கடைக்காரருக்கு அந்த மாவு பெரிய நட்டம். அவர்களுக்குத்தான் கரிவாயுத் தோம்பு. கறுப்புக் கொம்பு போன்ற வாய் உள்ளது அது. கறை படாது, மின்சாரம் பாயாது. ஆனால் வாயு வெளிவரும்போது உறைபனியை விடக் குளிரும். கொம்பை வெறுங்கையால் பிடித்தால் தோல் வெந்தது போலாகும். சின்ன அறையில் கதவைச் சாத்திக் கொண்டு அடித்தால் தீயோடு சேர்ந்து உங்கள் மூச்சும் அணையும்.

தாய்மார்களே, இனி வருவது உங்களுக்கு. வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெயை விடத் தண்ணீர் கனமானது. அடியில் போய் ஒரே கணத்தில் ஆவியாகும். ஒரு கரண்டித் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 கரண்டி இடத்தைப் பிடிக்கும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் முழுவதும் மேலே சிதறி உங்கள் முகத்தையும் கூரையையும் பிடிக்கும். தூள் தோம்பைக் கிட்டே நின்று அடித்தாலும் எண்ணெய் தெறிக்கும். அணைந்தது போலிருந்து, எண்ணெயின் சூடு தணியாததால் மறுபடி பற்றும். முதலில் செய்ய வேண்டியது, அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியை விடப் பெரிய மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுவதுதான். மூடிவிட்டு அப்படியே விடுங்கள். எட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும், பார்க்காதீர்கள். சட்டியைத் தூக்கிக் கொண்டு வெளியே ஓடுவதும் வேண்டாம். தீப்போர்வை என்று ஒன்று விற்கிறது. பையிலிருந்து இரண்டு நாடாவை இழுத்தால் விரியும். சமையலறைக்கு அது மிக நல்ல துணை.

நாசி கண்டார், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்களுக்கு மூடி போதாது. பெரிய இருப்புச்சட்டியில் பல லிட்டர் எண்ணெய் கொதிக்கும் இடம் அது. எண்ணெய்த் தீக்கென்றே ஈர இரசாயனத் தோம்பு இருக்கிறது. அதன் மருந்து கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து மேற்பரப்பில் சவர்க்காரம் போன்ற ஏடாகப் படிந்து காற்றைத் தடுக்கும், சூட்டையும் குறைக்கும். கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சவர்க்காரம் ஆகும் என்ற பழைய சங்கதிதான்.

தோட்டத்து ஸ்டோரில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பெட்ரோலும் மின்னாக்கிக்கு டீசலும் இருக்குமானால் நுரைத் தோம்போ தூள் தோம்போ வேண்டும். பழைய ரப்பர்ப் புகைக்கூடங்களின் கதை உங்களுக்கே தெரியும். விறகுப் புகையில் நாள்கணக்கில் ஷீட் காயும் இடத்தில் ஒரு ஷீட் நழுவி நெருப்பில் விழுந்தால் போதும்.

எவ்வளவு பெரியது வாங்குவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு கிலோத் தோம்பு காருக்குச் சரி. வீட்டுக்குக் குறைந்தது இரண்டு கிலோ வேண்டும். கடைக்கு ஆறோ ஒன்பதோ. ஆனால் ஒன்பது கிலோ என்பது உள்ளே இருக்கும் தூளின் எடை மட்டும். இரும்பையும் சேர்த்தால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் போகும். பகலில் வீட்டில் இருப்பது பாட்டியும் பள்ளிப் பிள்ளைகளும் என்றால் அதை யார் தூக்குவது? ஒரு பெரிய தோம்பை விட, பாட்டி தூக்கக்கூடிய இரண்டு சிறிய தோம்புகளே மேல் என்பது என் கருத்து.

வாங்கும் இடத்திலும் கவனம் வேண்டும். சீருடை போன்ற சட்டை மாட்டிக்கொண்டு, "பொம்பாவிலிருந்து வருகிறோம், ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டாயம்" என்று லயத்திலும் அடுக்குமாடியிலும் கதவைத் தட்டுகிறவர்களை நம்பாதீர்கள். பொம்பா வீடு வீடாக வந்து தோம்பு விற்பதில்லை. சிரிம் முத்திரையும் பொம்பாவின் ஒட்டுத்தாளும் உள்ளதைக் கடையில் பார்த்து வாங்குங்கள்.

எங்கே மாட்டுவது?

பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் "அடுப்புக்குப் பக்கத்தில்" என்பார்கள். தீ அங்கேதானே வரும் என்ற நியாயம். அதே நியாயத்தால்தான் அங்கே மாட்டக் கூடாது. அடுப்பு பற்றிக்கொண்டால் அதை எடுக்க நீங்கள் தீக்குள் கையை நீட்ட வேண்டும்.

மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகளில் 227-ஆவது விதி தோம்புகளைப் பற்றியது. அது சொல்வது சுருக்கமானது: தோம்புகள் வெளியேறும் வழியில், எல்லாப் பக்கமிருந்தும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், ஒரு கட்டடத்தில் உள்ள ஒரே வகைத் தோம்புகள் எல்லாம் ஒரே முறையில் இயங்குபவையாக இருக்க வேண்டும். இந்தச் சிறு விதிக்குள் பெரிய அனுபவம் இருக்கிறது.

'வெளியேறும் வழி' என்றது ஏன்? தோம்பை எடுக்கப் போகிறவர் தானாகவே வாசலை நோக்கி நடக்கிறார். கையில் தோம்பை எடுத்துத் திரும்பும்போது தீ அவருக்கு முன்னால் இருக்கிறது, வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அடித்துப் பார்க்கிறார். முடியவில்லை என்றால் இரண்டடி பின்னால் வைத்தால் வெளியே. அடுப்புக்கு அப்பால் மாட்டியிருந்தால்? தீ நடுவில், அவர் உள்ளே. தோம்பு வேலை செய்யவில்லை என்றால் அவருக்குப் போக்கிடம் இல்லை. தோம்பு மாட்டும் ஆணி ஒன்று இடம் மாறுவதில் ஓர் உயிர் இருக்கிறது.

ஆகவே சமையலறைத் தோம்பு, சமையலறையை விட்டு வெளியே வரும் கதவருகில் இருக்கட்டும். மாடி இருந்தால் படியின் தலைப்பில் ஒன்று. கடைவீட்டுக்காரர்கள் முன்வாசலில் ஒன்றை மாட்டிவிட்டுச் சட்டம் நிறைவேறியதாக நினைக்கக் கூடாது. பின்கட்டில் தீ என்றால் 100 அடி ஓடி, எடுத்து, மறுபடி 100 அடி ஓட வேண்டும். முன்னால் ஒன்று, முற்றத்தருகே ஒன்று, பின்வாசலில் ஒன்று என்று பிரித்து மாட்டுங்கள்.

'ஒரே முறையில் இயங்க வேண்டும்' என்பதற்கும் காரணம் உண்டு. பழைய காலத்தில் சில தோம்புகளைக் கவிழ்க்க வேண்டும், சிலவற்றின் குமிழைத் தரையில் குத்த வேண்டும், சிலவற்றின் பிடியை அமுக்க வேண்டும். பதற்றத்தில் மனிதன் ஒன்றைத்தான் நினைவில் வைத்திருப்பான். அரைகுறை வெளிச்சத்தில் நிதானமாகக் குறிப்பு வாசிக்க யாரால் முடியும்? அப்படி ஏதாவது பழைய தோம்பு கோயில் ஸ்டோரிலோ சங்கக் கட்டடத்திலோ இன்னும் கிடந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள்.

உயரமும் முக்கியம். பிடி உங்கள் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் வரட்டும். கனமானது சற்றுத் தாழ்வாக. தரையில் வைத்தால் அடி துருப்பிடிக்கும், குழந்தை உருட்டும். கதவுக்குப் பின்னால் மாட்டினால் கதவைத் திறக்கும் போதெல்லாம் மறைந்துவிடும். அஞ்சடியில் வெயில் படும் தூணிலும் வேண்டாம். முன்னால் எதையும் அடுக்காதீர்கள். "இன்றைக்கு மட்டும்" என்று வைக்கும் பெட்டிதான் ஒரு மாதம் இருக்கும்.

லயத்து வீடுகளில் ஒன்றைக் கவனியுங்கள். வரிசை வீடுகளுக்குச் சுவர் பொது. பழைய லயங்களில் கூரைக்குக் கீழே இருக்கும் வெற்றிடமும் பொது. பக்கத்து வீட்டுத் தீ உங்கள் தலைக்கு மேலே நடந்து வரும். ஆகவே ஆயாக் கொட்டகை, கோயில், வாசகசாலை ஆகிய இடங்களில் பொதுத் தோம்பு இருந்தாலும் உங்கள் வீட்டு வராந்தாவில் ஒன்று இருப்பது நல்லது. தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடியேறியவர்களுக்கு வேறு கவலை. திருடனுக்குப் பயந்து போட்ட இரும்புக் கிரில். அதன் சாவி எங்கே? சாவியைத் தோம்புக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கைக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் தேடலாம்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பினாங்குக்கு வடக்கே, கெடாவின் யான் வட்டாரத்தில் ஒரு சமயப்பள்ளியின் மர விடுதிகள் 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் எரிந்தன. 27 மாணவிகள் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் விடியற்காலையில் கோலாலம்பூரில் ஒரு சமயப்பள்ளி விடுதியில் மூட்டப்பட்ட தீயில் மாணவர்களும் காப்பாளர்களுமாக 23 பேர் மாண்டனர். வாசல் பக்கம் தீ, சன்னல்களில் இரும்புக் கம்பி. தமிழ்நாட்டில் 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் சத்துணவுச் சமையல்கட்டில் எழுந்த தீ ஓலைக் கூரையைப் பிடித்து 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை நம்மில் எவர் மறக்க முடியும்? இங்கெல்லாம் ஒரு தோம்பு இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தோம்பும் வாசலும் ஒன்றாகச் சேர்ந்த விஷயம் என்கிறேன். வாசலை அடைத்துவிட்டுத் தோம்பு மட்டும் வாங்குவதில் பொருளில்லை.

கோயில் காரியக்காரர்களும் கேட்டுக் கொள்ளட்டும். 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் பந்தல் உண்டு, ஓமம் உண்டு, கற்பூரம் உண்டு, மின்விளக்குச் சரம் உண்டு. பந்தலுக்குப் போகும் வழி எத்தனை என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வழியிலும் ஒரு தோம்பை நிறுத்தி, அதற்கு ஓர் இளைஞரையும் நிறுத்துங்கள்.

எடுப்பது எப்படி?

முதலில் கத்துங்கள். மற்றவர்கள் வெளியேறட்டும், ஒருவர் பொம்பாவை அழைக்கட்டும். மின்சாரச் சாமான் என்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு பிடியில் குத்தியிருக்கும் ஊசியை முறுக்கி இழுங்கள். பிளாஸ்டிக் கட்டு தானாக அறும். பிடியை அமுக்கிக்கொண்டே ஊசியை இழுத்தால் வராது. பதற்றத்தில் பலர் செய்யும் தவறு இதுதான். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, குழாயைச் சுவாலையின் மேலே காட்டாமல் அதன் அடியில் காட்டுங்கள். பிடியை அமுக்கி, வாசல் பெருக்குவது போல இடமும் வலமும் வீசுங்கள்.

தோம்பில் எவ்வளவு நேரத்துக்குத் தூள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சிறியதில் பத்து விநாடிக்கும் குறைவாகவே இருக்கும். பெரியதிலும் இருபது விநாடியைத் தாண்டாது. அதற்குள் அணையவில்லை என்றால் வெளியேறுங்கள். தீ உங்கள் உயரத்துக்கு வந்துவிட்டாலும், புகை தலைக்கு நேராக இறங்கிவிட்டாலும், தோம்பில் மிச்சம் இருந்தாலும் வெளியேறுங்கள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். மூடிய கதவு தீயைச் சில நிமிடம் தடுத்து வைக்கும்.

கேஸ் தோம்பின் குழாயில் கசிவு பற்றி எரிந்தால் வால்வைத் திருகி மூடுவதே வைத்தியம். மூட முடியாத நிலையில் சுவாலையை மட்டும் அணைத்தால், எரியாத வாயு தரையோடு பரவி வேறெங்காவது பொறி தேடும். காற்றை விடக் கனமான வாயு அது. வெளியேறிப் பொம்பாவுக்குச் சொல்லுங்கள். இந்தக் காலத்துப் புதிய வம்பு ஒன்றும் இருக்கிறது. மின்சைக்கிள், கைப்பேசி ஆகியவற்றின் லித்தியம் மின்கலம். தூள் அடித்தால் சுவாலை அடங்கும். உள்ளே கொதிப்பு அடங்காது, மறுபடி பற்றும். அதை வாசல் வழியில் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள், இரவெல்லாம் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள்.

சம்பள நாள் சோதனை

ஊரில் எத்தனையோ தோம்புகள் மாட்டிய நாளிலிருந்து யார் கையும் படாமல் தொங்குகின்றன. பெரிய ஓட்டல், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை போன்ற குறித்த கட்டடங்களுக்கு 1988-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி தீச் சான்றிதழ் வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அதனால் அங்கே அதிகாரிகள் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் அப்படி யாரும் வந்து பார்ப்பதில்லை. அங்கே அதிகாரி நீங்கள்தான்.

மாதம் ஒரு முறை, சம்பள நாளன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. கழுத்தில் உள்ள சின்னக் கடிகாரத்தின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா? ஊசியும் கட்டும் அப்படியே இருக்கின்றனவா? குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள். தோட்டத்துப் பக்கம் தொங்கும் எந்த ஓட்டையையும் குளவி விடுவதில்லை. அடிப்பாகத்தில் துரு ஏறியிருக்கிறதா? ஜார்ஜ் டவுனின் கடல் காற்றில் இது விரைவாகவே நடக்கும். தூள் தோம்பானால் கழற்றித் தலைகீழாகப் பிடித்து மெல்ல அசையுங்கள். உள்ளே தூள் சரசரவென்று நகர வேண்டும். அசைவே தெரியாவிட்டால் அடியில் இறுகிப் போயிருக்கலாம். சேவை செய்பவரிடம் காட்டுங்கள்.

கரிவாயுத் தோம்பில் பொதுவாகக் கடிகாரம் கிடையாது. தராசில் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளிருக்கும் வாயுவின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்பக் கொடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை முறையான நிறுவனத்தில் சேவைக்குக் கொடுத்துப் புதிய ஒட்டுத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விளையாட்டாக ஒரு நொடி அமுக்கிவிட்டால்கூட நிரப்பக் கொடுத்தாக வேண்டும். வால்வின் இடுக்கில் தூள் சிக்கி, அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். முள் இன்றைக்குப் பச்சையில் இருக்கும், அடுத்த வாரம் இருக்காது. உடம்பில் உற்பத்தி ஆண்டு குறித்திருக்கும். பத்து ஆண்டு ஆன தூள் தோம்புக்கு மேலும் செலவு செய்யாமல் புதிது வாங்கிவிடுங்கள்.

சேவைக்குக் கொண்டு போகும் நாள்களில் ஆணி வெறுமையாக இருக்கும். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பிவிடாமல் பாதியை நிறுத்திக்கொள்ளலாம். அனுப்புவதற்கு முன் இன்னொன்றும் செய்யலாம். காலாவதியாகி எப்படியும் மாற்றப் போகிற தோம்பை வெளித்திடலில் வைத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஊசி இழுத்து அடித்துப் பார்க்கட்டும். சேவை செய்பவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். பாட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

பொம்பாவை அழைக்கும் எண் 999. தோட்டத்தில் இருப்பவர்கள் பேச வேண்டியதை மலாயில் ஒரு தாளில் எழுதித் தோம்புக்கு மேலே ஒட்டி வையுங்கள்: தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து எண், பெரிய ரோட்டிலிருந்து திரும்பும் இடத்தில் உள்ள அடையாளம். அழைத்தவர் தொலைபேசியை முதலில் வைக்கக் கூடாது. எதிர்முனையில் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, ஒரு பையனை டார்ச் லைட்டோடு ரோட்டு முனைக்கு அனுப்புங்கள்.